ஊதா மூடி, சாம்பல் மூடி: இரத்தப் பாடத்தை ஆய்வகத்திலிருந்து தொடங்கலாம்

பத்தாம் வகுப்பில் 'தாவரங்களின் கடத்துதல் மற்றும் விலங்குகளின் சுற்றோட்டம்' பாடத்தை நடத்தாத அறிவியல் ஆசிரியர் நம்மில் யாரும் இருக்க முடியாது. சிவப்பணுக்களின் ஆயுள் 120 நாள்கள், 1900-இல் லாண்ட்ஸ்டெய்னர் கண்டறிந்த இரத்த வகைகள், 1940-இல் ஆர்எச் காரணி என எல்லாவற்றையும் மாணவர்கள் படித்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 50 இலட்சம் சிவப்பணுக்கள் என்று சொல்கிறோமே, அதை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

இலத்தூரில் எங்கள் மாணவர்களின் வீடுகளில் மஞ்சள் பைக்குள் மடித்து வைத்த ஓர் ஆய்வக அறிக்கையாவது இருக்கும். குற்றாலத்துச் சாரல் ஓய்ந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் தென்காசிக்குப் போவார்கள். சிலரைத் திருநெல்வேலிக்கு அனுப்புவார்கள். கையில் ஒரு தாள் கிடைக்கும். அது முழுவதும் ஆங்கிலம். வீட்டில் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய ஒரே ஆள் பல நேரங்களில் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான். 'பிளேட்லெட்' என்ற சொல்லைப் பாட்டிக்கு விளக்க வேண்டிய பொறுப்பு 14 வயதில் வந்துவிடுகிறது. இரத்தப் பாடத்தை ஆய்வகத்திலிருந்து தொடங்கலாம் என்று நான் முடிவெடுத்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்றாவது பாடவேளைக்குள் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். விளையாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியை விட்டு நகர மாட்டாள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, விரலில் ஒரு துளி எடுத்துச் சோதித்து, ஹீமோகுளோபின் 8-ஐ ஒட்டி இருக்கிறது, மருத்துவமனையில் முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. அவளுடைய அம்மா சம்மதிக்கவில்லை. "புள்ளைக்கு ரத்தமே இல்லன்னு சொல்லுதீய. அதுல போயி குழாய் குழாயா எடுத்தா எப்படி டீச்சர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் கணக்கால்தான் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கை வகுப்பிலேயே போட்டோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 70 மி.லி. இரத்தம். 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 2800 மி.லி. இரத்த அணுப் பரிசோதனைக்கு எடுப்பது 2 மி.லி. அதாவது 1400-இல் ஒரு பங்கு. 14 லிட்டர் பிடிக்கும் குடத்திலிருந்து இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் எடுப்பது போல. அதோடு, பெரியவர்களின் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்களைப் புதிதாக உருவாக்குகிறது. மாணவர்கள் அன்றைக்கு இந்தக் குடம் கணக்கைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுவாரம் அந்த அம்மா மகளை அழைத்துக்கொண்டு போய்வந்தார்.

அதே மாதத்தில் என் முன்னாள் மாணவி ஒருத்தி விடுப்பில் ஊருக்கு வந்திருந்தாள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் மைய ஆய்வகத்தில் ஆய்வக நுட்பநராக இருக்கிறாள். தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று இரண்டு பாடவேளைக்கு அழைத்தேன். பயன்படுத்தாத வெற்றுக் குழாய்கள் ஐந்தாறு கொண்டுவந்து மேசையில் நிறுத்தினாள். ஊதா, சிவப்பு, வெளிர்நீலம், சாம்பல் என மூடிகள். "இது எதுக்குக்கா இத்தனை கலரு, அழகுக்கா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பாடம் அங்கே தொடங்கியது.

ஊதா மூடிக் குழாயின் உள்ளே இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு பூசப்பட்டிருக்கும். இரத்தம் உறைய கால்சியம் அயனி வேண்டும் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். இ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இரத்தம் உறையாது, அணுக்களை எண்ணலாம். சிவப்பு மூடி கண்ணாடிக் குழாயில் எதுவும் இருக்காது. இரத்தம் அரை மணி நேரத்தில் தானாக உறையும். பிறகு மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளியும். சிறுநீரகம், கல்லீரல் சோதனைகள் பெரும்பாலும் இந்தச் சீரத்தில்தான். மோர் கடையும்போது வெண்ணெய் பிரிவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு மையவிலக்கு விசையை விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

சாம்பல் மூடிதான் எனக்கே புதிதாக இருந்தது. குழாய்க்குள் வந்த பிறகும் இரத்த அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரணக் குழாயில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறையும். கிராமத்து முகாமில் காலை ஒன்பது மணிக்கு எடுத்த மாதிரி பேருந்தில் ஏறிப் பகல் ஒரு மணிக்கு நகரத்து ஆய்வகத்துக்குப் போனால், நீரிழிவு உள்ளவருக்கும் நல்ல முடிவு வந்துவிடக்கூடும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் சோடியம் ஃபுளோரைடு அணுக்கள் சர்க்கரையைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. 'நொதி', 'கிளைக்காலிசிஸ்' என்ற சொற்கள் முதன்முறையாக ஏதோ ஒரு வேலைக்கு உதவியதாக என் மாணவர்கள் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

வெளிர்நீல மூடியில் சோடியம் சிட்ரேட். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற விகிதம் தவறக்கூடாது. கோட்டுக்குக் கீழே இரத்தம் நின்றால் ஆய்வகம் அந்தக் குழாயைத் திருப்பி அனுப்பிவிடும். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காணும் சோதனைக்கு இது. இங்கே என் மாணவி வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒன்றைச் சொன்னாள். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தத்தின் உறையும் தன்மையே கெட்டுப்போகும். அதைக் கண்டறிய இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள்; நஞ்சுமுறி மருந்தைத் தொடங்க மருத்துவருக்கு அது போதும். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது, ஏனெனில் கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயும் கூடாது. பாம்புக் கடிக்கு முதலில் மந்திரிக்கப் போகிற வழக்கம் இன்னும் முழுதாக ஓயாத பகுதி இது. இந்த 20 நிமிடச் சோதனையைப் பற்றி வகுப்பில் பேசுவது பத்து விழிப்புணர்வுப் பதாகைகளுக்குச் சமம் என்பது என் எண்ணம்.

பிறகு அவள் கரும்பலகையில் ஒரு புதிர் எழுதினாள். ஒரு நோயாளியின் முடிவு: பொட்டாசியம் லிட்டருக்கு 11 மில்லிமோல், கால்சியம் டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராம். இயல்பான பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை, கால்சியம் 8.5 முதல் 10.5 வரை. பொட்டாசியம் 11 என்றால் இதயம் நின்றிருக்க வேண்டும். ஆனால் நோயாளி வார்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன நடந்திருக்கும்?

வகுப்பு மாரடைப்பு, நஞ்சு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தது. நான் எதுவும் சொல்லாமல் நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு மாணவன் மேசைக்கு எழுந்து வந்து ஊதா மூடிக் குழாயைத் தூக்கிக் காட்டினான். "பொட்டாசியம் உப்பு இதுலதான இருக்கு? கால்சியத்தப் பிடிக்கிறதும் இதுதான?" சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் குறைவாக இருந்ததால் யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் ஒன்றாகப் போயிருப்பதே தடயம். இப்படி ஒரு முடிவு வந்தால் நுட்பநர் அதை அப்படியே அனுப்பமாட்டார். வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லி வேறு மாதிரி கேட்பார். உண்மையிலேயே ஆபத்தான எண்ணாக இருந்தால், நள்ளிரவு இரண்டு மணியானாலும் அச்சிட்ட அறிக்கைக்குக் காத்திராமல் மருத்துவரை அழைத்துச் சொல்ல வேண்டியதும் அவர் பொறுப்புதான். இயந்திரம் எண்ணைத் தரும். அந்த எண்ணை நம்பலாமா என்று முடிவுசெய்ய ஓர் ஆள் வேண்டும். என் முப்பது நிமிட விரிவுரையைவிட இந்தப் புதிர் அதிகம் கற்பித்தது.

பெயர் எழுதுவதைப் பற்றி அவள் சொன்னதையும் விட்டுவிடக்கூடாது. எங்கள் பக்கத்து மருத்துவமனை வார்டு ஒன்றில் ஒரே நேரத்தில் இரண்டு இசக்கியம்மாளும் மூன்று மாடசாமியும் இருப்பது அதிசயமில்லை. என் வருகைப் பதிவேட்டிலேயே தலைப்பெழுத்தால் மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்கள் உண்டு. ஆகவே பெயர், வயது, உள்நோயாளி எண் மூன்றையும் நோயாளியின் அருகில் நின்றே குழாயில் எழுத வேண்டும். இரத்த வகை மாறிப்போனால் பிறகு திருத்த வழியில்லை.

இனி எண்ணும் வேலை. முதலில் நம் பள்ளி நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் பழைய முறையை விளக்கினோம். கட்டத்தின் கனஅளவு தெரியும், எத்தனை மடங்கு நீர்த்தோம் என்பதும் தெரியும், மீதி பெருக்கல். இன்றைய இயந்திரங்களில் பலவற்றுக்கு அடிப்படை வாலஸ் கோல்டர் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் காப்புரிமை கிடைத்த எளிய கருத்து. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். இரத்த அணு கடத்தாது என்றே சொல்லலாம். நுண்ணிய துளை ஒன்றின் இருபுறமும் மின்வாய்களை வைத்து, அணுக்கள் கலந்த கரைசலை அதன் வழியாக இழுத்தால், ஒவ்வோர் அணு கடக்கும்போதும் ஒரு கணம் மின்தடை கூடும். மின்னோட்டம் மாறாதிருந்தால் மின்னழுத்தத்தில் ஒரு துடிப்பு எழும். துடிப்புகளை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை. துடிப்பின் உயரம் அணுவின் பருமன். மாணவர்கள் இயற்பியலில் மனப்பாடம் செய்யும் ஓம் விதியேதான். பள்ளி வாசலின் சிறு கதவை மட்டும் திறந்துவிட்டு, ஒவ்வொருவராக வெளியே போகும்போது ஒருவன் கோடு போட்டு எண்ணினான். பையோடு போனவர்களுக்கு உயரமான கோடு. அவ்வளவுதான் இயந்திரம்.

ஆய்வகத்துக்குள் நடக்கும் வேலை ஒரு நாட்டுக்கே எவ்வளவு முக்கியமாகலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த 1985-இன் இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதையே ஆய்வுப் பொருளாக எடுக்கச் சொன்னார். நிர்மலா அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். சீரத்தைப் பிரித்து வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். சென்னையில் அப்போது சோதிக்கும் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் பனிக்கட்டிப் பெட்டியோடு கணவர் துணையுடன் இரவு ரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் தலைமையிலான வைரஸ் ஆய்வகத்தில் எலைசா சோதனை செய்தார். தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறியிருந்தன. அந்த ஆறையும் அவர்கள் அப்படியே அறிவித்துவிடவில்லை. மறுபடியும் மாதிரி எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி வேறொரு முறையிலும் உறுதிசெய்தார்கள். அதன் பிறகே அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இன்று தானமாகப் பெறும் ஒவ்வோர் அலகு இரத்தமும் எச்.ஐ.வி., இருவகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா என ஐந்து சோதனைகளைக் கடந்தே நோயாளியை அடைகிறது. சுனிதி சாலமன் 2015-இல் மறைந்தார்; 2017-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நிர்மலாவின் பெயரை எங்கள் ஆசிரியர் அறையிலும் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இரத்த வகை காணும் செயல்பாட்டுக்கு வருகிறேன். வகுப்பில் யார் விரலையும் குத்த வேண்டாம். ஊசியைப் பகிரும் ஆபத்து ஒருபுறமிருக்க, அதற்கான அனுமதியும் நமக்கில்லை. நான் செய்தது சமையலறைப் பொருள்களை வைத்து. நான்கு குப்பிகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றினேன். ஒன்றில் பால், ஒன்றில் நீர்த்த கஞ்சித் தண்ணீர், ஒன்றில் இரண்டின் கலவை, ஒன்றில் வெறும் தண்ணீர். எல்லாவற்றிலும் கொஞ்சம் பீட்ரூட் சாறு. எலுமிச்சைச் சாறுதான் 'எதிர் ஏ' மருந்து. அயோடின் கரைசல்தான் 'எதிர் பி' மருந்து. குப்பியிலிருந்து இரண்டு துளிகளை வெள்ளை ஓட்டுத் தட்டில் தனித்தனியே விட்டு, ஒன்றில் எலுமிச்சை, மற்றதில் அயோடின் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரிந்தால் மட்டும் ஏ, கருநீலமானால் மட்டும் பி, இரண்டும் நடந்தால் ஏபி, எதுவும் நடக்காவிட்டால் ஓ. பால் திரிவது எதிர்ப்பொருளால் அணுக்கள் திரள்வது ஆகாது, இது ஒப்புமை மட்டுமே என்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 'இரத்தத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால்...' என்று தேர்வில் எழுதிவைப்பார்கள்.

ஹீமோகுளோபினுக்கு ஒரு பாடவேளை முழுதாக ஒதுக்கினேன். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றது. அதற்குச் சற்று முன், 2016-18-இல் நடந்த தேசிய அளவிலான ஊட்டச்சத்து ஆய்வு 10 முதல் 19 வயது வரையிலான ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து 28 விழுக்காடு என்றது. வயதும் பாலினமும் வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. முதல் ஆய்வு விரல் நுனியில் துளி எடுத்துச் சிறு கருவியில் சோதித்தது. இரண்டாவது சிரையிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சோதித்தது. விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வரும், எண் தடுமாறும். எந்த எண்ணைக் கண்டாலும் 'எப்படி எடுத்தீர்கள்?' என்று கேட்கும் பழக்கம் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிட்டால் நல்லது. எந்தக் கணக்கை எடுத்தாலும் நம் வகுப்பில் இரத்தசோகை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதில் மாற்றமில்லை. வாரந்தோறும் நாம் கொடுக்கும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. பிள்ளைகள் அதைச் சன்னல் வழியே எறிவதும் நமக்குத் தெரியும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். மதிய உணவுக்குப் பின் கொடுங்கள். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் எறியும் வழக்கம் பெரும்பாலும் நின்றிருக்கிறது.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாக. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து மேல்நிலைத் தேர்வில் தேறியவர்கள் மருத்துவ ஆய்வக நுட்பவியலில் பட்டயப் படிப்போ பட்டப் படிப்போ சேரலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இந்தப் படிப்புகள் உண்டு, கட்டணமும் குறைவு. அரசுப் பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. நீட் எழுதாவிட்டால் மருத்துவமனைக்குள் நோயாளியாகத்தான் போக முடியும் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இது செய்தி.

மருத்துவமனைக்குப் போன அந்த மாணவியின் முதல் அறிக்கையில் ஹீமோகுளோபின் 8.2. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 64. இயல்பு 80-க்கு மேல். அணுக்கள் சிறுத்து வெளிறியிருந்தன. மருத்துவர் இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரையும் குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வந்த தாளை அவளே என்னிடம் கொண்டுவந்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். 11.1. "நல்லாயிட்டுல்ல டீச்சர், மாத்திரைய நிறுத்திரலாமா?" என்று கேட்டாள். இரத்தத்தில் எண் ஏறிவிட்டாலும் உடலின் இரும்புச் சேமிப்பு இன்னும் நிரம்பியிருக்காது, அதை அளக்க ஃபெர்ரிட்டின் என்று வேறொரு சோதனை இருக்கிறது, மருத்துவர் சொல்லும்வரை விடாதே என்றேன். "அதுக்கு எந்தக் கலர் மூடி?" என்றாள். சிவப்பு என்றேன்.